அகத்திக்குக் காவல்

வன்னியம்பட்டிச் சோலைச்சாமியிடம் தோட்டத்தைப் பற்றி வாய் கொடுத்தவர் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றவர்களைப் பறிகொடுத்து, கொடிக்காலில் கூலிக்கு நின்று, எழுத்து ஒன்றும் அறியாமலே சொந்தக் கிணறு வெட்டிய மனுஷர். வெற்றிலைக்கொடி படர நட்டிருந்த அகத்திதான் பஞ்சத்தில் அவர் உயிரைப் பிடித்து வைத்தது. அந்த விசுவாசத்தில் ஓடைக்கரை நெடுக அகத்தியும் முருங்கையும் வைத்து, ஊரே பறித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

"இது என் கை வச்ச மரம்லா! பட்ட கட்டையும் தழைச்சிரும்" என்பார்.

விகாரி வருஷம் மழை பொய்த்தது. மகள் வெள்ளத்தாய் மூன்றாம் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு அப்பன் வீடு வந்தாள். தாயில்லாத வீடு. பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவி நடந்தாள். கிணற்றடியில் பெண்களுக்குக் கேலி.

"ஏட்டி வெள்ளத்தாயி, கோழிக்கு முந்தி அடைஞ்சிருதியே!"

பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, எம்மவளுக்கும் இந்த மாலைக்கண்ணுதான் வந்துச்சு. ஒங்க அகத்தியத்தான் அவிச்சுக் குடுத்தேன். இப்ப அந்தியில ஊசி கோக்கா."

"எம்மவளுக்குக் கீரையாலயா வைத்தியம்? ராசபாளையத்துப் பெரிய வைத்தியரையே வரச் சொல்லிருக்கேன் தாயி."

வைத்தியர் பஸ்பம் கொடுத்தார். அகத்தி கூடாது, மருந்தை முறித்துவிடும் என்று பத்தியம் சொன்னார். சோலைச்சாமி தன் பங்குக்கு முருங்கையையும் விலக்கினார். சோறும் வறுத்த உப்பும்தான். ஆயிஷா பீவி முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த கீரைச்சட்டியை அவரே தெருவில் கவிழ்த்தார். ஊரார் மடிமடியாகப் பறித்துப் போனார்கள். அவர் வீட்டுக்குள் ஓர் இலை நுழையவில்லை.

ஆடி முடிவதற்குள் வெள்ளத்தாயின் இடது கண்ணில் பூ விழுந்தது.

"பத்தியம் தப்பியிருக்கும்" என்று வைத்தியர் நடையைக் கட்டினார். தப்பவில்லை என்பது காவல் இருந்த சோலைச்சாமிக்குத் தெரியும்.

அன்றே கொழுந்தாகப் பறித்து, தானே அவித்து, நெய்விட்டுப் பிசைந்து வட்டிலை நீட்டினார். மகள் தலையைத் திருப்பி, மிச்சமிருந்த கண்ணால் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தீகளே அய்யா. எனக்கு மட்டும் வேலி போட்டீகளே."

சொல்லிவிட்டுத் தின்றாள். நாளாக நாளாக வலது கண் தேறியது. இடப்பக்கம் யார் வந்து நின்றாலும் அவளுக்குத் தெரியாது. சோலைச்சாமி அந்தப் பக்கமாகத்தான் போய் உட்காருவார்.