அது வளையல் சத்தம் இல்லை

நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் போடி. என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருப்பது போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில். அவளுக்கு வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் எங்கள் காரில் கிளம்பினோம்.

மலையடிவாரத்தில் முந்தல் தாண்டியதுமே பின்டயர் பஞ்சர். நல்ல நேரம் தப்பிவிடுமே என்று மாமியார் ஒரு பக்கம் அவசரப்படுத்த, வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் அழுக்குப் படாமல் விரல் நுனியாலேயே ஸ்டெப்னியை மாட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

விசேஷம் மனசு நிறைய நடந்தது. நாத்தனாருக்கு இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். வழிக்குத் தூக்குவாளிகளில் கட்டுச்சோறு. விருந்து மயக்கத்தில் வீட்டுக்காரர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் சாய்ந்துவிட்டார்.

மெட்டிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கியிருப்பேன். டக், டக் என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடியது. பிரேக்கைத் தொட்டால் தளர்ந்தது. “என்னங்க சத்தம்?” என்றேன். இவரோ கண்ணைத் திறக்காமலே, “வளையல் சத்தம்டி, பேசாம ஓட்டு” என்றார்.

பிரசவம் வரை வளையலைக் கழற்றக் கூடாதே! அதனால் நாத்தனார் இரண்டு கையையும் சால்வைக்குள் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் தூக்குவாளிதான் என்றார் இவர். மாமியார் வாளிகளை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை.

கண்ணாடியை இறக்கிவிட்டேன். இடது பக்கம் பாறை வந்தபோது சத்தம் அதில் பட்டுத் திரும்பிவந்து காதில் அறைந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவு திரும்பி, அந்தப் பக்கம் பள்ளம் வந்ததும் அடங்கிப்போனது. உள்ளே கிடக்கும் வளையலும் வாளியும் அப்படிச் சத்தம் போடுமா? வெளியேதான் ஏதோ கோளாறு என்று புரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன்.

“நல்ல நேரத்துல கெளம்பியிருக்கோம். நடுவழியில நிக்கக் கூடாதுத்தா, போடி போயிப் பாத்துக்கலாம்” என்றார் மாமியார். நானும் ஒரு நிமிஷம் தயங்கினேன். பின்னால் இருந்து நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: “மதினி, எங்காலுக்குக் கீழதான் இடிக்குது. எனக்குப் பயமா இருக்கு.”

அவ்வளவுதான். யார் என்ன சொன்னாலும் சரியென்று, அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினேன்.

வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டே இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்த்தவர், அப்படியே குந்திவிட்டார். ஒரு நட்டைக் காணோம். மற்றவை விரலால் தொட்டாலே சுற்றின. பக்கத்திலேயே பள்ளம். வரும்போது அவர் விரல் நுனியால் மாட்டிய அதே ஸ்டெப்னிதான்.

தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப் ஒன்று நாங்கள் கை காட்டாமலே நின்றது. டிரைவர் குதித்து வந்து, “தள்ளுங்கண்ணே” என்று ஸ்பேனர் மேலேயே ஏறி நின்று நட்டுகளை முறுக்கினார். “மெதுவாப் போங்க, நா பின்னாலயே வர்றேன்” என்றார். ஜீப்பிலிருந்த பெண்கள் நாத்தனாரை ஒரு கல்லில் உட்காரவைத்து, வளையலைத் தொட்டுப் பார்த்துக் கேலி பேசிச் சிரிக்கவைத்துவிட்டார்கள். நிற்கவே கூடாது என்ற மாமியார், அந்த ரோட்டோரத்திலேயே வாளிகளைத் திறந்து எல்லோருக்கும் புளிசாதமும் தயிர்சாதமும் அள்ளி வைத்தார். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. சொன்னபடியே போடி வரைக்கும் அந்த ஜீப் எங்கள் பின்னாலேயே வந்தது.

அடுத்த சில மாதங்களில் நாத்தனாருக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. இப்போது காரில் லேசாக ஏதாவது இடித்தால்கூட, வீட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குட்டி கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஒரே ஆட்டம். அவள் அம்மா அதட்டுவாள். நான் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க, அன்று வண்டியை நிறுத்தியதற்காக என் மனசு இன்றும் நிறைந்துபோகிறது.