வெட்டுகத்தியும் பேட்டரிக் காம்பஸும்

கள்ளிக்காட்டில் முதல் செல்போன் டவர் எழுந்த வருஷம் அது. என் மூத்த மகளைச் செங்கல் என்கிற ஊருக்குக் கட்டிக்கொடுத்ததும், காற்றில் எங்கள் வீட்டு அயனி மரம் சாய்ந்ததும் அதே வருஷம்தான். தேதி எனக்குத் தெரியாது. எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் அடிக்கிறாள்.

ஆனால் அந்தக் காலையின் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது... நனைந்த ஈற்றை மூங்கில்காடு, அட்டை கடிக்காமல் காலில் பூசிய புகையிலைத் தண்ணீர், பால் விடாத கட்டன்சாயா.

கள்ளிக்காட்டு அணைக்கு மேலே உள்ள காட்டுக்குச் செடிகொடி பார்க்க ஒரு காலேஜ் சார் வருஷாவருஷம் வருவார். வழி பிடிக்க நான். வழி வெட்ட ஞானதாஸ். இரண்டு பேரும் பாறசாலைப் பக்கம் ஒரே ஊர். என்னிடம் மூடி போட்ட பித்தளைக் காம்பஸ் ஒன்று உண்டு, பழைய சர்வேக்காரர் ஒருவர் தந்தது. சிவப்பு முனை வடக்கு. அதற்குப் படிப்பு எதற்கு?

காம்பஸ் பிடிக்கிறவன் இடுப்பில் இரும்பு கூடாது. முள் இரும்பைப் பார்த்துத் திரும்பிவிடும். அதனால் என் கத்தியையும் சேர்த்து இரண்டு வெட்டுகத்தி கட்டிக்கொண்டு ஞானதாஸ் பத்தடி தள்ளி நடப்பான். நான் கை காட்டுவேன், அவன் வெட்டுவான். கை காட்டுகிறவன் நான்... அதில் எனக்கு ஒரு பெருமை.

அந்த வருஷம் சார் ஒரு பேட்டரிக் காம்பஸ் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு. முள் கிடையாது. கண்ணாடிக்குள் இலக்கம் ஓடும், ஒரு அம்பு திரும்பும்.

நான் கை நீட்டினேன்.

"தங்கப்பா, இது நம்பர் வாசிக்கணும்" என்று சொல்லி, சார் அதை ஞானதாஸிடம் கொடுத்தார். அவன் சர்ச் பள்ளிக்கூடத்தில் ஏழு வரை படித்தவன்.

நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

இரண்டு வழியாகப் பிரிந்து போய், மதியம் இரண்டு ஓடை சேரும் பாறையில் கூட வேண்டும் என்று ஏற்பாடு. "எந்தக் காம்பஸ் முதல்ல பாறைக்கு எத்துதுன்னு பாக்கலாம்" என்று சார் சிரித்தார். அவருக்கு விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. நான் தோற்றால் அடுத்த வருஷம் கத்தி சுமப்பது நான்.

சார் என்னோடு வந்தார், கேட்காமலே என் கத்தியை வாங்கிக்கொண்டார். ஞானதாஸோடு, சார் கூட்டிவந்திருந்த வயதான இரண்டு வாத்தியார்கள். புறப்படும்போது அவன் என் பக்கத்தில் வந்தான்.

"எலே தங்கப்பா, இந்த வயசான சாருமாருக்க கையில வெட்டுகத்தி குடுக்கக் கூச்சமாட்டு இருக்கு. நானே இடுப்புல வச்சுக்கிடட்டா? இதுல முள்ளு இல்லியே... இரும்பு வல்லதும் கெடுதல் செய்யுமா?"

செய்யும். காலையில் பாறைமேல் அவன் கத்திக்குப் பக்கத்தில் அது இருந்தபோது, இலக்கம் துள்ளியதையும் அம்பு கோணியதையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். இலக்கம் வாசிக்கத்தானே தெரியாது, துள்ளினால் தெரியாதா?

"பேட்டரி சாதனமாக்கும் மக்கா. அதுக்கு ஒண்ணும் வராது. நீ போ" என்றேன்.

நானும் சாரும் உச்சிவெயிலுக்கு முன்பே பாறைக்கு வந்துவிட்டோம். அவர்கள் வரவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷம்... மறைக்காமல் சொல்கிறேன், நல்ல சந்தோஷம். சோற்றுப்பொதியை அவிழ்த்துத் தின்றேன்.

அப்புறம் மேலே இருந்து கோட என்கிற மூடுபனி இறங்கியது. அதில் பத்தடி தெரியாது. சார் விசில் ஊதி ஊதி வாய் வறண்டு உட்கார்ந்தார். மூன்று உயிர். ஞானதாஸின் பெண்டாட்டியிடம் என்ன சொல்வேன்?

வெளிச்சம் போகிற நேரம், மேல் ஓடைக்குள்ளிருந்து தண்ணீர் கலங்கும் சத்தம். ஞானதாஸ் வந்தான். முதுகில் கால் சுளுக்கிய ஒரு வாத்தியார், பின்னால் மற்றவர். வெயில் தவறான தோளில் விழுவதைப் பார்த்ததும் அவன் பேட்டரியை அணைத்துப் பையில் போட்டுவிட்டானாம். தண்ணீரைத் தேடிப் பிடித்து, அது போகிற போக்கில் இறங்கினானாம்.

"இவன் இல்லன்னா நாங்க இல்ல சாரே!" என்று இரண்டு பேரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நான் நேராக, நேரத்துக்கு வந்து சேர்ந்ததை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயம் போன இடத்தில் மறுபடியும் அதே எரிச்சல்... வழி தவறியவனுக்கு இத்தனை கொண்டாட்டமா? போதாததற்கு, சார் அந்தக் காம்பஸை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

கட்டன் குடிக்கும்போது ஞானதாஸ் என் காதில் சொன்னான்: "அதும் இரும்பு பாக்கும், கேட்டியா. நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியாம போச்சு. இனி நீயும் பாத்துக்கோ மக்கா."

"அப்பிடியா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இப்போது எல்லார் போனிலும் காம்பஸ் உண்டு. மருமகள் போன் உறையில் ஒரு காந்தம். மூடி வைத்தால் கிழக்கு வடக்காகும். அதைச் சரிசெய்ய அவள் போனைக் காற்றில் எட்டுப் போட்டுச் சுழற்றும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும். என் பித்தளைக் காம்பஸ் அலமாரியில் இருக்கிறது, முள் இன்னும் நடுங்கும். அவனுடையது பேட்டரி ஒழுகிச் செத்து எத்தனையோ வருஷம். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறானாம்... எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை.

சார் போய்விட்டார். அந்த இரண்டு வாத்தியார்களும் போய்விட்டார்கள். அன்று நான் சொன்ன பொய் யாருக்கும் தெரியாது, இதை அடிக்கிற மருமகளுக்குக்கூட இப்போதுதான் தெரியும்.

என்னைத் தவிர அந்தப் பாறையில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தன். அவனிடமும் போன் இருக்கிறது, இது போய்ச் சேரும். வாசிக்கவும் தெரியும்.

ஞானதாஸ்.