கொடி தைத்த டெய்லர்

பாறசாலைக்கு வடக்கே ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. அப்பா தென்னை ஏறுகிறவர். அம்மை மிஷன் பள்ளியில் தையல் படித்தவள். முன்னறையில் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைத்தாள். திருவிதாங்கூரில் இருந்த தமிழ் ஊர்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஊர்வலத்துக்கான கொடிகளையும் அம்மைதான் தைத்துக் கொடுத்தாள்.

ஒரு காலையில் சந்தை முக்கில் போலீஸ் ஊர்வலத்தை அடித்துக் கலைத்தது. பிடிபட்ட ஒருவனிடம் கொடி தைத்தது யார் என்று கேட்டு உதைத்திருக்கிறார்கள். "டெய்லர்" என்று மட்டும் சொல்லி எங்கள் வீட்டுக்கு வழி காட்டியிருக்கிறான். தையற்காரி என்று சொல்லியிருந்தால் அம்மையைத் தேடி வந்திருப்பார்கள். அவன் சொன்ன இங்கிலீஷ் வார்த்தையில் அவள் பெண் என்பது தெரியவில்லை.

நாங்கள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது கதவை உதைத்துத் திறந்தார்கள்.

"டெய்லர் ஆரெடா?"

அம்மை வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்தார். "நானாக்கும்."

ஊசியில் நூல் கோக்கக்கூட அவருக்குத் தெரியாது.

முதல் அடி காதோடு சேர்ந்து விழுந்தது. முற்றத்துக்கு இழுத்துப்போட்டு மிதித்தார்கள். அம்மை ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நானாக்கும் தைச்சது." புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று ஒருவன் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தான். அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து, கண்ணுக்குள் ரத்தம் வடிந்தது.

அவர்களில் பெரிய அதிகாரி அப்பாவின் வலதுகையை நடைக்கல்லில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். துப்பாக்கிக் கட்டையால் இடித்தார். மறுபடியும் இடித்தார்.

"இனி நீ தைக்கண்டா." தைக்க வேண்டாமாம்.

எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

வைத்தியர் கட்டுப்போட்டும் விரல்கள் கோணலாகத்தான் ஒட்டின. அதன்பிறகு அப்பா தென்னை ஏறவில்லை. அம்மை தைத்ததில்தான் கஞ்சி குடித்தோம். எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது.

நான் அடுத்த வகுப்புக்குப் போனதும் இங்கிலீஷ் ஆண்பால் பெண்பால் பாடம் வந்தது. மாஸ்டர், மிஸ்ட்ரஸ். டெய்லர், டெய்லரஸ். வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அம்மை மிஷினை நிறுத்தினாள்.

"கடைசியில என்ன சொன்ன?"

"டெய்லரஸ். தையற்காரிக்கு இங்கிலீசு. அண்ணைக்கு அவன் அப்படிச் சொல்லியிருந்தா, அப்பாக்க கை..."

முடிப்பதற்குள் கன்னத்தில் அறைந்தாள். பல் குத்தி உதடு கிழிந்தது. மறுபடியும் கை ஓங்கியவளை அப்பா இடதுகையால் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைய அடிக்காத. அவன் அப்படிச் சொல்லாதது நல்லதாப் போச்சு."

"எனக்க கையத்தானே ஒடைச்சிருக்கணும்," என்று அம்மை மிஷின்மேல் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "ஏன் நானாக்கும்னு சொன்னீரு?"

அப்பா அவள் தலைக்கும் மிஷினுக்கும் நடுவில் தன் கையைக் கொண்டுபோய் வைத்தார்.