இரண்டாம் பகுதியில் செத்துப்போன தபால்காரர்

முட்டாள்தனத்தில் எனக்கென்று தனிப் பாணி உண்டு. மற்றவர்கள் புரியாததைப் பார்த்தால் முழிப்பார்கள். நான் உடனே பாராட்ட ஆரம்பித்துவிடுவேன்.

ஜப்பானிய அனிமே பைத்தியம் முற்றியிருந்த நாட்களில் வங்காளத்தில், நியூ டவுனில் வேலை பார்த்தேன். பக்கத்து மேஜையில் ஓர் அக்கா. பாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், சலிப்பு வந்தால் வங்காளிகளைப் போல “தூர்!” என்பார். அவருடைய ஹார்ட் டிஸ்க் நிறைய, வளர்ந்தவர்களுக்கான அனிமே: குற்றவுணர்ச்சியில் தூக்கம் கெட்ட போலீஸ்காரர்கள், விவாகரத்தான கப்பல் சமையல்காரர்கள். கருவாட்டைப் பார்க்கும் பூனைபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“சும்மா தர மாட்டேன்டா. நான் பார்க்காததா, வித்தியாசமா ஒண்ணு சொல்லு. பிடிச்சா டிஸ்க் உனக்கு. முடியை நிமித்திக்கிட்டுக் கத்துற பசங்க கதை வேண்டாம்.”

சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் பக்கம் ஒரு டிவிடி அகப்பட்டது. பன்னிரண்டு பகுதிகள். வீட்டு பிளேயரில் போட்டேன், அதுபாட்டுக்கு ஓடியது. முதல் பகுதியில் ஒருவர் மலையூரில் தபால்காரராகச் சேர்கிறார். இரண்டாவதில் செத்துப்போகிறார்! மூன்றாவதில் ஊரே அழுகிறது. நான்காவதில் அவருடைய சைக்கிளை விற்கிறார்கள். ஐந்தாவதில் மனிதர் அதே சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வருகிறார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். சமையலறையிலிருந்து அம்மா, “சிக்ஸராடா?” என்றாள்.

மறுநாள் கேண்டீனில் பிடித்துக்கொண்டேன். “அக்கா, உங்களுக்குப் பிடிச்ச தூங்காத போலீஸ்காரர் கதை இருக்கே, அதுக்கு அண்ணன் இது! சாவை முன்னாடி வெச்சிட்டு வாழ்க்கையைப் பின்னாடி காட்டறான். காலத்தையே கலைச்சுப் போட்டிருக்கான்!”

காலம் கலைவதை எக் ரோல் பிடித்த கையாலேயே காட்டினேன். சாஸ் அவர் துப்பட்டாவில் விழுந்தது. இருந்தும் டிவிடியை வாங்கிப் போனார்.

திங்கட்கிழமை வந்தார். “தூர்! ரெண்டாவதுல விசில், பத்தாவதுல சாவு. வரிசையா நம்ம ஊர் மெகா சீரியல். எங்கடா கலைச்சிருக்கான்?”

“பத்தாவதா? ரெண்டாவதுலயே செத்துட்டாரே!”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். “டேய்! ஒண்ணுல ஆரம்பிக்கிற நம்பரையெல்லாம் உன் பிளேயர் ஒண்ணாச் சேர்த்துடுச்சுடா. ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அப்புறம்தான் ரெண்டு!”

காலத்தைக் கலைத்த மேதை எங்கள் வீட்டு டிவிடி பிளேயர். டிஸ்க் போச்சு என்று தலைமுழுகிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா கண் வீங்கி வந்தார். “உன் வரிசையில மறுபடி போட்டுப் பார்த்தேன். சைக்கிளை வித்தப்புறம் அந்த விசில் கேட்குது பாரு... அழுதுட்டேன்டா.”

பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கிட்டத்தட்ட மேஜைமேல் ஏறிவிட்டேன்.

“அக்கா, அக்கா! இதுல எதை முதல்ல பார்க்கட்டும்? எப்படிப் பார்க்கட்டும்?”

“எண்ணிப் பாரு.”