வோட்டு வந்தால் அது நிற்குமா?

எண்பத்தாறாம் ஆண்டு பெப்ரவரியில் ஹெயிட்டியின் சர்வாதிகாரி குடும்பத்தோடு விமானமேறி ஓடிப்போனான். அந்தச் செய்தி வந்த காலை, நான் வேலைசெய்த சலவைத் தொழிற்சாலையில் மெஷின்களின் இரைச்சலையும் மீறிப் பாட்டுச் சத்தம் கேட்டது. அங்கே பாதிப்பேர் ஹெயிட்டிப் பெண்கள். மொன்றியல் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் எங்களிடம்தான் வரும். ஈரவிரிப்பைச் சூட்டு உருளைக்குள் கொடுப்பது இரண்டு பேர் வேலை. ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை அக்கா பிடிப்பார்.

அக்காவும் ஹெயிட்டிக்காரிதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றே கூப்பிட்டேன்; அர்த்தத்தைச் சொன்னதும் அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போனது. எங்களுக்குள் கதைத்ததெல்லாம் பிரெஞ்சு. அவருடையது நல்ல பிரெஞ்சு, என்னுடையது பிய்ந்துபோனது. இங்கே எல்லாவற்றையும் என் தமிழில்தான் எழுத முடியும்.

அன்று அவர் விரிப்பைப் பிடித்தபடியே அழுதார், சிரித்தார்.

"இனி வோட்டு வரும். வோட்டு வந்தா என்ர தங்கச்சி அந்த ஹோட்டலை விட்டிடுவாள், பார்."

தங்கச்சிக்கு இருபத்தாறு வயது. ஹெயிட்டியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை என்றுதான் முதலில் சொல்லியிருந்தார். பிறகு ஒருநாள் மீதியையும் சொன்னார். அறைக்கு வரும் வெள்ளைக்காரருக்கு வேறு எதுவும் தேவையென்றால் மறுக்கக்கூடாதாம். மறுத்த ஒருத்தியை ஆட்சியாளரின் அடியாட்கள் வந்து கூட்டிப்போனார்கள். ஹோட்டல் அவர்களுக்கு வேண்டிய ஒருவனுடையது. ஆகவே ஆட்சி போனால் எல்லாம் போகும் என்று அக்கா நம்பினார். அந்த நம்பிக்கையில் பிழை இருப்பதாக எனக்கும் அப்போது படவில்லை.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குப் போய் இதை என் கணவரிடம் சொன்னேன். எண்பத்துநாலில் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர் ஆஸ்பத்திரியொன்றில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஊரில் பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலைசெய்தவர். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்:

"வோட்டு வந்தா அது நிண்டிருமெண்டா சொல்றா அவ?"

"ஓம். ஏன், நிக்காதா?"

"எங்கட நாட்டில வோட்டு எப்ப வந்தது? நாங்க பிறக்க முந்தியே வந்திட்டு. பாசிக்குடாவுக்கு வந்த வெள்ளைக்காரன் அறையை மட்டுமா கேட்டான்? எலக்சன் கூட்டம் நடக்கிற அண்டைக்கும் கேட்டவன்தான். மேடையில நிண்ட ஆளே அவனுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்ததை நான் கண்டிரிக்கன்."

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவரது சந்தோஷம் அவ்வளவு புதிதாக இருந்தது.

ஆட்சி போனதும் முதலில் போனது ஹோட்டல்தான். கலவரத்துக்குப் பயந்தும், எயிட்ஸ் பற்றிய கதைகளுக்குப் பயந்தும் வெளிநாட்டார் வரவில்லை. கதவைப் பூட்டினார்கள். தங்கச்சி கொஞ்சக்காலம் சந்தையில் வாழைக்காய் விற்றாள். அந்தக் காசு சோற்றுக்குக் காணவில்லை. அந்தக் கோடையிலேயே எல்லை தாண்டி டொமினிக்கன் நாட்டுக்குப் போய்விட்டாள். வடகரையில் ஒரு சிறிய கடற்கரை ஊர். அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில்தான் அவள் மறுபடியும் அதே தொழிலுக்கு வந்து சேர்ந்தாள். இந்தமுறை அறை துப்புரவாக்கும் வேலைகூட இல்லை.

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அக்கா இதைச் சொன்னார். "அங்க வோட்டு இருக்கு. ஆனா அது அவளுக்கில்ல. அவள் அங்க ஹெயிட்டிக்காரி," என்றார். கத்தரிக்காய் வாங்காமலே நடந்தார்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொஸ் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த வடகரைக்குத்தான் போவார். ஐம்பது வயது தாண்டிய, மனைவியைப் பிரிந்த மனிதர். தை மாதம் போய்த் தோல் சிவந்து திரும்பி வருவார். சாப்பாட்டு அறையில் ஆண்களோடு இருந்து அங்குள்ள பெண்களைப்பற்றிக் கதைப்பார். ஏதோ மலிவாக நல்ல சாமான் கிடைத்த கதைபோல இருக்கும். ஹெயிட்டிப் பெண்கள் அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

அடுத்த தை பிறந்தபோது அக்கா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தங்கச்சிக்குக் காய்ச்சல் விடாமல் காய்கிறது என்று ஃபோன் வந்திருந்தது. மருந்தும் இரண்டு சட்டையும் கம்பளிப் போர்வையும் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா நேரே பொஸ்ஸிடம் போனார்.

"நீங்கள் போற ஊரிலதான் என்ர தங்கச்சி இருக்கிறாள். இதை அவளிட்டக் குடுப்பீங்களோ?"

அவர் தயங்காமல் வாங்கிக்கொண்டார். "நிச்சயமாக," என்றார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"தபால்ல போட்டா அவளுக்குப் போய்ச் சேராது. எனக்கு வேற ஆரைத் தெரியும்?" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

பொஸ் திரும்பி வந்ததும் பார்சல் கொடுத்தாயிற்று, தங்கச்சி சுகமாக இருக்கிறாள் என்றார். அக்கா நன்றி சொன்னார். சந்தையிலிருந்து பெரிய ஆப்பிள்களாகப் பார்த்து வாங்கி வந்து கொடுத்தார். அதற்குப் பின்தான் தங்கச்சியின் ஃபோன் வந்தது. பார்சலைக் கொண்டுவந்த மனிதர் அதை உடனே கொடுக்கவில்லை. அவ்வளவு தூரம் சுமந்துவந்ததற்குக் கூலி வேண்டும் என்றாராம். அவளுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. கூலியைக் கொடுத்துத்தான் மருந்தை வாங்கினாள்.

மறுநாள் மதியம் அக்கா சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"என்ர தங்கச்சிக்கு மருந்து குடுக்க நீங்கள் என்ன வாங்கினீங்கள் எண்டு இவையளுக்குச் சொல்லுங்கோ."

ஆண்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பொஸ்ஸின் காது சிவந்தது. பிறகு சிரித்தார். "அங்கே எல்லாரும் அப்படித்தான். உன் தங்கச்சி ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை," என்றார்.

அக்கா தொழிற்சாலை மேலாளரின் அறைக்கும் போனார். வேலைக்கு வெளியே, வேறு நாட்டில் நடந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று மேலாளர் மரியாதையாகவே சொன்னாராம். கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா வெளியே போனார். திரும்ப வேலைக்கு வரவில்லை. பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க வேறொருத்தி வந்தாள். பொஸ் அடுத்த தையிலும் போய்வந்தார்.

எண்பத்தேழு நவம்பரில் ஹெயிட்டியில் தேர்தல் வைத்தார்கள். வரிசையில் நின்ற சனத்தைச் சுட்டார்கள், வெட்டினார்கள். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே வாக்களிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் ஃபோன் எடுத்தபோது அக்கா, "வோட்டுப் போட வெள்ளைச் சட்டையோட போன சனம்," என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊர்ப் பிரேதங்கள் என் கண்ணுக்குள் வந்துவிட்டன.

எண்பத்தெட்டில் இங்கே தேர்தல். அக்காவுக்கு அப்போது கனடாக் குடியுரிமை இருந்தது. நான் அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கட்சிக்காரர் ஒருவர் ஆதரவு கேட்டுக் கதவைத் தட்டினார். இளம் மனிதர், பனியில் நனைந்த சப்பாத்து. அக்கா அவரை உள்ளே கூப்பிட்டுத் துவாய் கொடுத்தார்.

"இங்கயிருந்து ஆம்பிளையள் பிளேனில போய் எங்கட பிள்ளையளை வாங்குறாங்கள். உங்கட கட்சி அதுக்கு என்ன செய்யும்?"

அவர் துவாயைக் கையில் வைத்தபடி நின்றார். "அது அந்த நாடுகளின் பிரச்சினை, மேடம். அங்கே ஜனநாயகம் வளர்ந்தால் மெல்ல மெல்லக் குறையும்."

"போறவன் இங்க வோட்டுப் போட்டிட்டுத்தானே போறான்," என்றார் அக்கா.

கட்சிக்காரர் துண்டுப் பிரசுரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆனாலும் தேர்தலன்று அக்கா வோட்டுப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "போடாட்டி, வோட்டுக் கேட்டுக்கொண்டு ஒருத்தனும் வரமாட்டான். ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது?" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் தங்கச்சி செத்துப்போனாள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்து கடைசியில் எலும்பும் தோலுமாகிவிட்டாளாம். என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கே போக அக்காவுக்குக் கிடைத்த மலிவான டிக்கெட், உல்லாசப் பயணிகள் போகும் விமானத்தில்தான். அவருக்கு இருபுறமும் பொஸ்ஸைப் போன்ற மனிதர்கள். புறப்பட்டதுமே குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர், விடுமுறைக்கா என்று கேட்டார். தங்கச்சியைப் புதைக்கப் போகிறேன் என்றார் அக்கா. அந்த மனிதர் தன் கிளாஸைக் கீழே வைத்து, மிகவும் வருந்துவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான் என்று அக்கா என்னிடம் சொன்னார். இறங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கூடக் கொடுத்தாராம்.

மூன்றாம் நாள், அடக்கம் முடிந்து கடற்கரை வீதியால் வந்தபோது அதே மனிதரைக் கண்டார். அவரோடு ஒரு பெண் கைகோத்து நடந்தாள். பார்த்தால் இருபதுகூட இருக்காது. அவர் அக்காவை அடையாளம் கண்டு, தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து வணக்கம் சொன்னாராம்.