மெரூன் நிற நொய்யல்

யானைக்குள்ளே அத்தனை எலும்பு இருக்கும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோயம்புத்தூரில் அந்தப் பழைய அருங்காட்சியகத்தின் கூடத்தில், தோல் இல்லாமல் நின்ற யானையின் வயிற்றுக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் சாயங்காலம்வரை அங்கேயே நின்றிருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மூன்றாம் வகுப்புச் சிறுமி.

அருங்காட்சியகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து கைவேலை செய்யும் நாள் அது. ஆற்றோர ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் சொல்லியனுப்பியிருந்தார்கள். எல்லாரையும் பாயில் உட்கார வைத்த, அங்கே சொல்லிக்கொடுக்க வந்திருந்த டீச்சர், பூமி சூடேறுகிறது, மழை தப்புகிறது, இருக்கிற ஆற்றையாவது காப்பாற்றுங்கள் என்று அழகாகப் பேசினார். பிறகு வேலையைச் சொன்னார். மலையில் பிறந்து காவிரியில் சேரும்வரை நொய்யலைத் துணியில் செய்ய வேண்டும். அவரவர் ஊர்த் துண்டு அவரவருக்கு. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து இதே கூடத்தில் சுவரில் தொங்கவிடுவார்களாம்.

யானை இருக்கும் இடத்தில் எங்கள் துணி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருப்பூர்த் துண்டு எங்களுக்கு வந்தது. அப்பா டீ குடிக்க வெளியே போயிருந்தார். பனியன் கம்பெனிகளில் வெட்டிப் போட்ட கழிவுத்துணி நடுக்கூடத்தில் குவிந்து கிடக்க, பிள்ளைகள் எல்லாம் நீலத்துக்கு அடித்துக்கொண்டார்கள். நான் நேராகப் போய் மெரூனை அள்ளிக்கொண்டு வந்தேன். அம்மா நீலம் எடுக்கச் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு நீலமாக இருப்பதெல்லாம் படப் புத்தகத்தில்தான். எங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் ஒருநாள் பச்சை, ஒருநாள் கறுப்பு. அந்த வாரம் மெரூன். அது யார் வேலை என்றும் எனக்குத் தெரியும். அப்பா சாயப்பட்டறையில் மாஸ்டர். ஓர் ஆற்றையே நிறம் மாற்றுகிற அப்பா வேறு எந்தப் பிள்ளைக்கு இருந்தார்? கடவுளுக்கு அடுத்தபடியாக அவரைத்தான் வைத்திருந்தேன்.

மெரூனைத் துண்டில் வைத்துத் தைத்து முடித்தபோது அப்பா திரும்பி வந்தார்; அதே நேரத்தில் டீச்சரும் எங்கள் பாய்க்கு வந்தார்.

"இதென்ன கண்ணு, ஆறு செவப்பா இருக்குது? நீலமா இருந்தாத்தான மத்ததோட சேரும்?"

எங்கள் துண்டை மட்டும் விட்டுவிடுவார்களோ என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "எங்க ஆத்துக்கு எங்கப்பாதானுங்க கலர் போடறாரு!"

எல்லாரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அந்த யானையைக்கூட யாரும் அப்படிப் பார்க்கவில்லை. பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்பா சட்டென்று உட்கார்ந்து, "புள்ளைக்கு வெவரம் பத்தாதுங்க, நீலமே வெச்சுப்போடறோமுங்க" என்று தையலைப் பிரிக்கப் போனார்.

பக்கத்துப் பாயில் இருந்த மாமாதான் தடுத்தார். ஆற்றில் எங்களுக்கு அடுத்து, கீழே இருக்கிற ஊர்க்காரர், தோட்டம் வைத்திருப்பவர். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"பிரிக்காதீங்க. அம்மணி இருக்கறதைத்தானுங்க வெச்சிருக்குது. ஏனுங்க, மிச்சமிருந்தா எங்க துண்டுக்கும் கொஞ்சம் குடுங்க. உங்க ஊரைத் தாண்டி எங்க கெணத்துக்கு அதுதானுங்களே வருது."

எங்கள் நிறம் ஒருத்தருக்கு இவ்வளவு பிடித்துப்போகும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடினேன். "பச்சையும் கறுப்புங்கூட எங்கப்பா போடுவாரு மாமா, வேணுமுங்களா?" என்று கேட்டேன். மாமா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அதைப் பார்த்து, அவருக்கும் கீழே இருக்கிற ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்து மெரூன் வாங்கிப்போனார்கள்.

அன்று சாயங்காலம் நொய்யல் சுவரில் ஏறியபோது அதில் பாதி எங்கள் நிறம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. திருப்பூர் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர், வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பேர் மெச்சிய பிறகும் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாத மனிதர் என்று நினைத்து, நான் அவரை இன்னும் ஒரு படி மேலே ஏற்றி வைத்தேன்.