அம்மா முன்னால் இருந்த குவியல்

பசங்களா, இன்று காலை ஆட்டோ வந்து நின்றபோது நீங்கள் இருவரும் "உன்னாலதான் லேட்டு" என்று ஒருவரை ஒருவர் கை காட்டினீர்கள். உங்களைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒரு தடவை அப்படிக் கை காட்டியவன்தான். காட்டியது என் அம்மாவை.

அப்போது எனக்குப் பத்து வயது. திருப்போரூரில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தகரக் கொட்டகை போட்டு பள்ளிக்கூட நோட்டு செய்துகொண்டிருந்தார். ஒரு நோட்டு மூன்று பேர் கைக்குப் போய் வரவேண்டும். மாமாவின் மனைவி, என் அத்தை, தாளை எண்ணி அட்டையோடு சேர்த்து மடிப்பார். அம்மா அதை வாங்கி, காலால் மிதிக்கிற மிஷினில் நடுவே கம்பிப் பின் அடிப்பார். கடைசியில் ஒரு அண்ணன் ஓரம் வெட்டுவார்.

அதற்கு முன்னால் அம்மா ஊரார் நிலத்தில் நடவு நட்டவர். நிலமெல்லாம் மனையாகி மஞ்சள் கல் முளைத்த பிறகு அந்த வேலையும் போயிற்று. நிழலில், இடுப்பு ஒடியாமல், உட்கார்ந்து செய்கிற வேலை அவருக்கு ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு, கலெக்டர் மாதிரி உட்காருவார்.

அந்த மே மாதம் நாவலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நோட்டு கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளி திறப்பதற்குள் முடியும் என்று தோன்றவில்லை. மாமா செங்கல்பட்டில் சிறுதொழில் செய்பவர்களுக்கு நடந்த பயிற்சிக்கு ஒரு நாள் போனார். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, ஒரு வித்தையோடு திரும்பி வந்தார். சரக்கு எங்கே தேங்குகிறதோ அங்கேதான் அடைப்பு. அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஓடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களை வைத்தால் சண்டை வரும் என்று, லீவில் இருந்த என்னைப் பிடித்தார்.

"மாப்ள, ஒவ்வொரு பஸ்ஸு போறப்பவும் யாரு முன்னாடி எத்தினி அடுக்கு கீதுன்னு எழுது. யாரு மூஞ்சியும் பாக்காத. அடுக்க மட்டும் பாரு."

அடுக்கை மட்டும்தான் பார்த்தேன். அத்தை முன்னால் ஒன்று, சில நேரம் இரண்டு. வெட்டுகிற அண்ணன் வேலை வராமல் காது குடைந்துகொண்டிருந்தார். அம்மா முன்னால் ஒன்பது, பதினொன்று, பதினாலு. அம்மா ஒவ்வொரு நோட்டையும் கையில் எடுத்து, பிரித்து, விரலால் தள்ளி, பக்கத்தில் இருந்த உதிரித் தாள் கட்டிலிருந்து சில நேரம் ஒன்றிரண்டு உருவிச் செருகி, மறுபடி மடித்து, அப்புறம்தான் மிதித்தார். அதுவும் என் கண்ணில் பட்டது. ஆனால் மாமா எழுதச் சொன்னது அதை இல்லையே.

மூன்றாம் நாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, எழுதியதைச் சத்தமாக வாசித்தேன்.

"அடைப்பு உன்னாண்டதான்க்கா கீது" என்றார் மாமா.

"அண்ணிக்கு நாத்து நட்ட கை. மிஷினுக்கு வளையுமா?" என்று அத்தை சிரித்தார்.

அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "சரிடா, நான் ஏந்துக்கறேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, ஸ்டூலில் இருந்த புடவையைச் சுருட்டிக்கொண்டார்.

மறுநாள் அந்த ஸ்டூலில் ஒரு வாலிபன் உட்கார்ந்தான். வந்ததை வந்தபடியே மிதித்துத் தள்ளினான். மத்தியானத்துக்குள் குவியல் கரைந்துவிட்டது. மாமா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அம்மா அன்றைக்கு வெட்டி விழுந்த காகிதத்தைக் கூட்டினார். அந்த வாரமே புதுப்பட்டினத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மறுபடி குனிகிற வேலை.

ஜூன் மாதம் நோட்டெல்லாம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. தாள் குறைச்சல், மடிப்பு கோணல். மாமா அந்த வாலிபனைத் திட்டி அனுப்பினார். அம்மாவைக் கூப்பிட யாரும் வரவில்லை. திரும்பி வந்த நோட்டை மாமா சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இனாமாகக் கொடுத்தார். எனக்கு ஆறு கிடைத்தது. சந்தோஷமாக எடுத்து வந்தேன்.

சாயங்காலம் அம்மா அதில் ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தரம் தள்ளினார்.

"ரெண்டு தாளு கம்மி."

"எப்டிம்மா தெரியும்?"

"உங்க அத்தகிட்டேந்து வர்றதே அப்டிதான் வரும். நான் பிரிச்சி, சரி பண்ணி அடிச்சிகினு இருந்தேன்."

"மாமாவாண்ட சொல்றதுதான?"

"இன்னான்னு சொல்ல? தம்பி பொண்டாட்டி வேல சரியில்லன்னு நாத்தனாரு வாயத் தொறந்தா, அந்த வூடு ரெண்டாப் பூடும்டா. போ, போய்ப் படி."

எனக்குப் புரியவில்லை. நான் எழுதிய எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பில்லையே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அவர் தொட்ட நோட்டை எடுத்து, ஆணி முனையால் பின்னை நிமிர்த்தினேன். போன வருஷ நோட்டில் எழுதாமல் மிச்சமிருந்த இரண்டு தாளை நடுவே வைத்தேன். கோடு கோட்டோடு சேரவில்லை. பிரித்தேன். ஓரத்தைத் தட்டினேன். மறுபடி வைத்து, கரண்டிக் காம்பால் பின்னை மடக்கினேன். அந்த ஒன்று முடிவதற்குள் வாசல் வெயில் உள்ளே வந்துவிட்டது. என் முன்னால் இன்னும் ஐந்து அடுக்கிக் கிடந்தன. என் கை சின்னதாக இருப்பதால்தான் இத்தனை நேரம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த நோட்டை எடுத்தேன்.